கயலின் சீட்டை எப்போது திருப்புவது

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறி, ஒரகடம் கூட்டுரோடு வந்து சேர்வதற்குள் உன் அப்பன் வாந்தி எடுத்தான் என்கிற செய்தி உனக்கு இதுவரை வந்திருக்காது. வந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுச் சிரித்திருப்பாய். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். ஏற்காட்டு மலையில் கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போனபோது மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருக்க, நான் மட்டும் மேலே போய் எட்டு இட்லி சாப்பிட்டேன் என்று உன்னிடமே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த நான், ஆட்டோக்காரன் முதுகோடு முதுகு ஒட்டிப் பின்பக்கம் பார்த்து உட்காருகிற பலகையில் உட்கார்ந்து, பாதி வழியிலேயே தலை சுற்றி, எதிரே இரண்டு கம்பெனிப் பெண்கள் யூனிஃபார்மில் பார்த்துக்கொண்டிருக்க, கர்ச்சீப் போதாமல் தொப்பியைக் கழற்றினேன். அதற்கு மேல் விவரம் வேண்டாம். ஆட்டோக்காரன் வண்டியை ஓரங்கட்டி, என் காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். “இன்னா நைனா, நீ டிரைவரா? எந்த வண்டி ஓட்றேன்னு சொல்லிடு. அதுல நான் ஏற மாட்டேன்” என்றான். அந்தப் பெண்களில் ஒருத்தி பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து, “மோந்து பாருங்க தாத்தா” என்றாள். வாந்தியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், தாத்தாவைத் தாங்க முடியவில்லை.

முன்பக்கம் பார்க்கிற இடம் அந்த ஆட்டோவில் காலியாகத்தான் இருந்தது. நான் வேண்டுமென்றேதான் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தேன். பின்னால் பார்த்துக்கொண்டே ஊர் போனால் ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆறு மாசத்துக்கு முன்னால், கயலுக்கு மொட்டை போடப் போன வாரம் நம் வீட்டில் நடந்த சண்டை அதைப் பற்றித்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து நீ போன் செய்தபோது மறுபடியும் அதையே கேட்டாய். “அப்பா, கயலுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. கால மடக்கிகினு உக்கார்றா. இப்பவாவது கார்ல அவ சீட்டத் திருப்பிடலாமா?” உனக்குப் பின்னாலிருந்து இசக்கி, “மாமாட்ட கேட்டு என்ன செய்ய, அவுக ராத்திரி ஒண்ணு சொல்லுவாக, விடிஞ்சா ஒண்ணு சொல்லுவாக” என்று சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. என் மருமகள் என்னைப் பற்றிச் சொன்னதில் பொய் இல்லை. நான் “உன் பொண்டாட்டியவே கேளு” என்று சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நேரில் பேசினாலே எனக்குப் பாதிதான் வரும், போனில் கால்வாசி. பத்தாவதில் கணக்குப் பரீட்சையோடு நின்றவன் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று நீ கவலைப்படாதே. எழுதும்போது உன் அம்மா குறுக்கே பேசமாட்டாள், அது ஒரு வசதி.

அந்தக் குழந்தை சீட்டு நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஊரில் அளந்த கதை தெரியாது. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற இந்த ஷிஃப்ட் பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனிக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் வீட்டில் இரண்டு வருஷம் கார் ஓட்டினேன் அல்லவா, அவர்கள் குழந்தையுடையது அது. பார்க்கப் பாதி தொட்டில், பாதி நாற்காலி. காரின் பின்சீட்டில் அதைப் பெல்ட் போட்டுக் கட்டுவார்கள். குழந்தையின் முதுகு டிரைவர் பக்கம், முகம் பின்கண்ணாடிப் பக்கம். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் முட்டிக்காலால் சீட்டை அழுத்திப் பெல்ட்டை இழுத்து, ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் போகலாம் என்று தலையாட்டும். எதற்காகக் குழந்தையைப் பின்னால் பார்த்து உட்கார வைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அவர்கள் பாஷை வராது, அவர்களுக்கு என் பாஷை வராது. ஆனால் கூட்டுரோடு டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் மட்டும் சொன்னேன். “அவங்க ஊர்ல சின்ன வயசுலயே பயம் தெளிய வெப்பாங்கபா. பின்னாடி வர்ற லாரியப் பாத்துகினே வந்துச்சுன்னா, பெரிசானப்புறம் லாரிக்குப் பயப்படாது.” நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர் தன் பேரனை சைக்கிள் கேரியரில் அப்படி உட்கார வைத்துப் பார்த்தாராம். பையன் லாரிக்குப் பயந்தானோ இல்லையோ, அந்த சைக்கிளைக் கண்டாலே ஓடினான் என்று கேள்வி.

அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். சமையல்காரம்மாவுக்கு மிக்ஸி, தோட்டக்காரருக்கு ஃபேன், எனக்கு இது. அப்போது நம் வீட்டில் கார் இல்லை, குழந்தை இல்லை, உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. உன் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். “எல்லாரும் இன்னா இன்னாவோ வாங்கிகினு போறாங்க, நீ இத்தத் தூக்கிகினு வந்துகிற. ஒன்னிய இன்னா சொல்றது?” அதில் சில மாதம் வற்றல் காயப்போட்டாள். கொஞ்ச நாள் டிவி பார்க்கும்போது காலை வைத்துக்கொண்டாள். அப்புறம் அது பரணுக்குப் போனது. கயல் பிறந்து, நீ அந்தப் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று இசக்கிதான் பரணில் ஏறி அதை இறக்கினாள். கழுவினாள். உறைக்குள் மடித்துக் கிடந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷ் பக்கத்தைக் கண்டுபிடித்து, படத்தின் மேல் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். பின்சீட்டுப் பெல்ட்டைத் தேடி நீயும் நானும் சீட்டுக்கு அடியில் கையை விட்டது நினைவிருக்கிறதா? பழைய ஓனர் அதை வெளியே எடுத்ததே இல்லை. பெல்ட்டோடு ஒரு கடலை மிட்டாய் உறையும் ஒற்றைக் கொலுசும் வந்தன. சீட்டில் வற்றல் வாசனை போகத்தான் நாளாயிற்று. இப்போதும் மழைக்காலத்தில் வருகிறதா?

முதல் வருஷம் ஒரு பிரச்னையும் இல்லை. கைக்குழந்தை, வண்டி கிளம்பினால் தூங்கிவிடும். ஒன்றரை வயது நெருங்கியபோதுதான் வினை. சீட்டில் உட்கார வைத்தாலே கயல் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். உன் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “போற பக்கம் பாக்காம குந்திகினு போற கொயந்தைய எங்கனா பாத்துகிறியா நீ? தப்பு பண்ணதுக்கு வாத்தியாரு மூலையப் பாத்துத் திருப்பி வுட்ட மாரி கீது. முன்னாடியே பாக்காத புள்ள எப்டி முன்னுக்கு வரும்?” என்றாள். குலதெய்வம் கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. அந்தப் பயணத்துக்காவது குழந்தையை மற்ற மனுஷரைப் போல முன்னால் பார்த்து உட்கார வைக்கவேண்டும் என்பது அவள் கட்சி. உனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். சொந்தக் கார் வாங்கிய பிறகு, ரோட்டைக் காட்டி “அதோ பாரு பஸ்ஸு, இதோ பாரு மாடு” என்று மகளுக்குச் சொல்லாவிட்டால் அது என்ன கார். அதில் தப்பே இல்லை.

இசக்கி மட்டும் அசையவில்லை. கோவில்பட்டியிலிருந்து தனியாக ரயிலேறி இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்கு வந்து, எட்டுப் பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள், நம் மூன்று பேருக்கா அசைவாள்? “அத்தை, அவ தலை பெருசு, கழுத்து இன்னும் பால் கழுத்து. முன்னால பாத்து உக்கார வச்சு சட்டுனு பிரேக் போட்டா, பட்டை உடம்பப் பிடிச்சுக்கிடும். தலைய யாரு பிடிப்பா?” என்று கேட்டாள். உன் அம்மா, “நாங்கல்லாம் கொயந்த பெத்து வளக்கலையா?” என்றாள். இசக்கி உன் தாடையைப் பார்த்தாள். உன் அம்மாவும் பார்த்தாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்தத் தழும்பு வந்த விதத்தை உன் அம்மா பொங்கலுக்குப் பொங்கல் சொந்தக்காரர்களுக்குச் சொல்வாள், நீயே மனப்பாடமாகச் சொல்வாய். மூன்று வயதில் உன்னை மொபெட்டில் முன்னால் நிற்க வைத்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கூட்டிப்போனேன். நீ ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நீதான் ஓட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய். ஆடு குறுக்கே வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். அதனால் அதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை, தழும்பு என்று மட்டும்தான் நினைக்கிறோம்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. மாமியாரும் மருமகளும் என் வழியாகப் பேசினார்கள். “உப்பு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு” என்று அவள் சொல்ல, “வேண்டாம்னு சொல்லுங்க மாமா” என்று இவள் சொல்ல, நான் நடுவில் தபால்காரனாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இசக்கி உன்னிடம், சீட்டைத் திருப்பினால் தானும் வரமாட்டேன், குழந்தையும் வராது என்று சொல்லிவிட்டாள். குலதெய்வத்துக்குக் குறித்த நாளில் பிள்ளையைக் கொண்டுபோகாமல் நிறுத்தினால் உன் அம்மா அதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டாள். இரண்டு பக்கமும் உன்னைப் பிடித்து இழுக்க, நீ என்னிடம் வந்தாய். “அப்பா, நீ முப்பது வருசமா வண்டி ஓட்ற. நீ சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. நீயே சொல்லு.” யாராவது என்னிடம் தீர்ப்புக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. எனக்கு ஏகப் பெருமை. யோசிக்க ஒரு நாள் டைம் கேட்டேன். யோசித்ததுதான் அந்த ஷேர் ஆட்டோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்து, பெரிய நீதிபதி மாதிரி சொன்னேன். “திருப்பிடு. பின்னாடி பாத்துகினு போனா கொமட்டும். கொயந்த பாவம்.” எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. இசக்கி கேட்க வாயைத் திறந்தாள், அப்புறம் என் தலையில் இருந்த ஈரத் துணியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் டிரிப். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி கம்பெனியாக இறக்கவேண்டும். எல்லாரும் முந்தின நாள் ஓ.டி. பார்த்தவர்கள். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் வண்டி முழுக்கத் தூங்கிவிடும். அந்த பஸ்ஸில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்து, மற்ற எல்லாரையும் பார்த்தபடி உட்காருகிற மாதிரி இரண்டு பேர் சீட்டு ஒன்று. அது கேன்டீனில் வேலை செய்கிற சரோஜாவின் சிம்மாசனம். இரண்டு பேர் சீட்டில் அவள் ஒருத்தி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், “எந்திரிபா, ஒனக்கு பஸ்ஸு ஃபுல்லா எடம் கீது, எனக்கு இது ஒண்ணுதான்” என்பாள். தலையைத் தடுப்பில் சாய்த்தால் அவ்வளவுதான், கம்பெனி கேட் வரைக்கும் குறட்டை என் காதுக்குள் கேட்கும்.

ஒரகடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். ரோடு அகலப்படுத்துகிற வேலைக்கு மண் கொட்ட வந்த டிப்பர் ஒன்று, பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல், ரிவர்ஸில் ரோட்டுக்கே வந்துவிட்டது. நான் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது டிப்பருக்கும் என் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். பின்னால் ஒரு பெரிய சத்தம், அப்புறம் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஒருத்தனுக்கு உதடு கிழிந்திருந்தது. இன்னொருத்தனுக்கு நெற்றியில் எலுமிச்சை மாதிரி வீக்கம். ஒரு பெண்ணுக்கு மூக்குத்தி அழுந்தி ரத்தம். டிபன் பாக்ஸெல்லாம் முன்னால் உருண்டு வந்து, யாருடைய சாம்பாரோ என் செருப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. “யோவ் டிரைவரே, லைசென்ஸ ரேசன் கடைலயா வாங்குன?” என்று ஒருத்தன் கேட்டான். டிப்பரைப் பார்த்த பிறகு அவனே வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனான், அது வேறு விஷயம்.

நான் எழுந்து உள்ளே பார்த்தேன். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையையோ வாயையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா மட்டும் சாய்ந்த இடத்தில் சாய்ந்தபடி இருந்தாள். தலை தடுப்பை விட்டு அசையவே இல்லை. கூச்சல் கேட்டுத்தான் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“இன்னா, கம்பெனி வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்குக் கத்தினுகீறாங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அந்தத் தடுப்பைக் கையால் தட்டிப் பார்த்தேன். அவளுடைய முதுகையும் கழுத்தையும் தலையையும் அந்தத் தடுப்பு ஒன்றாகச் சேர்த்துத் தாங்கிக்கொண்டது. மற்றவர்களுக்குத் தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை, முன்சீட்டுக் கம்பிதான் பிடித்தது. இசக்கி கேட்டாளே, தலையை யார் பிடிப்பார்கள் என்று. அதைத்தான் கேட்டிருக்கிறாள். முந்தின நாள் என் குமட்டலை வைத்து நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழந்தை பின்னால் பார்த்து உட்கார்ந்து இதுவரை ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாந்தி எடுத்த ஒரே ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சீட்டைத் திருப்ப ஸ்பானரோடு நின்றாய். அதற்கு ஸ்பானரே வேண்டாம், ஆனாலும் நின்றாய். உன் அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தட்டோடு, “எட்டு மணிக்குள்ள திருப்பிடு, நல்ல நேரம் போய்டும்” என்று அவசரப்படுத்தினாள். இசக்கி புடவை கட்டாமல், கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். அவள் வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் வந்து, “திருப்பாத” என்றேன்.

உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. “நேத்து... முந்தா நேத்து நீதான சொன்ன?” என்றாய். பஸ் கதையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் அம்மா, என்னை அதற்குப் பிறகு பஸ் ஓட்ட விடமாட்டாள். ஆட்டோ கதையைச் சொல்லியிருக்கலாம், அதற்கு என்னால் முடியவில்லை. அதனால் டிரைவர் வேலையைக் காட்டினேன். “காலைல கெழக்கப் பாத்துப் போறோம், சாயங்காலம் மேற்கப் பாத்து வர்றோம். போனாலும் எதிர் வெயில், வந்தாலும் எதிர் வெயில். மொட்ட போட்ட தலைல நேரா வெயில் அடிச்சா கொயந்தைக்கு இன்னா ஆவறது? இப்டியே இருக்கட்டும், வெயிலு முதுகுக்குப் போவும்.” உன் அம்மா வானத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அப்புறம், “இத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?” என்று என்மேல் பாய்ந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். இசக்கி புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காரில் ஏறும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மாமாவுக்குப் பொய் சொல்லவே தெரியல” என்றாள். கோவிலில் எனக்கு இரண்டு வடை அதிகமாக வந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கால் மடங்குகிறது என்று சொன்னாய். நம் ஊரில் சம்மணம் போட்டு உட்காருகிறவனைப் பார்த்து யாராவது பாவம் என்று சொல்வார்களா? காலை மடக்கிக்கொண்டு சௌகரியமாகத்தான் இருப்பாள், அதற்காகத் திருப்பாதே. வயசையும் பார்க்காதே. இசக்கி புத்தகத்தைப் படித்து எனக்குச் சொன்னது இரண்டு விஷயம். குழந்தையின் உச்சந்தலைக்கு மேலே சீட்டின் முதுகு ஓடு ஒரு இன்ச்சாவது மிச்சம் இருக்கவேண்டும். அப்புறம், பின்பக்கம் பார்த்து உட்கார இவ்வளவு எடைதான் என்று சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற எடையைக் கயல் தாண்டக்கூடாது. இரண்டில் எது முதலில் வந்தாலும் அன்றைக்குத் திருப்பு. அதுவரைக்கும் யார் பாவம் என்றாலும் இரு. திருப்பும்போதும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய், ஸ்பானரை உள்ளே வை. முட்டிக்காலால் அழுத்திப் பெல்ட்டை இழு, ஆட்டிப் பார். அந்த அம்மா ஏன் அப்படி இழுத்து இழுத்துப் பார்த்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று உன் அம்மா சொன்னால் சரி என்று சொல்லிவிடு, ஓசூரில் நீ எந்த நேரத்தில் திருப்பினாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

இன்னொன்று. உன் பொண்டாட்டி சரியென்று உனக்கே தெரிகிற விஷயத்துக்கு இனிமேல் என்னிடம் தீர்ப்புக் கேட்டு வராதே. அன்றைக்கு நீ என்னிடம் வந்தது பதில் தெரியாமல் இல்லை. உன் அம்மாவிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கும் அப்படித்தான், உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு சூரியன் வேண்டியிருந்தது. நம் இரண்டு பேர் தைரியத்தையும் சேர்த்தால்கூட அந்தப் பெண் நிலைப்படியில் சாய்ந்து நின்ற தைரியத்துக்கு வராது. அதை அவளிடம் ஒரு தடவை சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை அவளே முதலில் பிரித்துப் படித்திருந்தால் சொல்லவேண்டாம்.

அந்தக் கோவில் பயணத்தைப் பற்றி உன்னிடம் நான் பேசியதில்லை. நீ ஓட்டினாய், பக்கத்தில் உன் அம்மா. பின்னால் நடுவில் கயல், இந்தப் பக்கம் இசக்கி, அந்தப் பக்கம் நான், டப்பாவில் அடைத்த மாதிரி. நீங்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்தீர்கள். கயல் என்னைப் பார்த்தாள். மதுராந்தகம் வரைக்கும் பார்த்தாள். பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தாள். நான் மூக்கைச் சுருக்கினால் அவளும் சுருக்கினாள். முப்பது வருஷமாக என் வண்டியில் வருகிற அத்தனை பேரும் எனக்கு முதுகுக்குப் பின்னால்தான். உன்னையும் மொபெட்டில் முன்னால் நிற்க வைத்து ஊர் சுற்றியதில், உன் முகத்தைவிட உச்சந்தலையில் இருக்கிற இரட்டைச் சுழிதான் எனக்கு நன்றாகத் தெரியும். வண்டி ஓடும்போது எதிரில் நம் வீட்டு முகம் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. மொட்டை போட்டுத் திரும்பி வரும்போது தலையில் சந்தனத்தோடு என்னைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

அப்புறம் உனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. ஓசூர் என்ன சீமையா, ஐந்து மணி நேரம் என்று உன் அம்மாவுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். கிளம்புகிற அன்று காலையில் நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். டயரில் காற்றுப் பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன். “ராணிப்பேட்ட தாண்டி நிறுத்தி டீ குடி, அதுக்கு முன்னாடி நிறுத்தாத” என்றேன். “லாரி பின்னாடி ஒட்டாத” என்றேன். இசக்கி, “வாரோம் மாமா” என்றாள். நான் அவளிடமும் “பெல்ட்ட ஆட்டிப் பாத்தியாம்மா” என்றுதான் கேட்டேன். நீ வண்டியை எடுத்தாய்.

நான் ரோட்டில் நின்றேன். உன் தலையும் இசக்கி தலையும் பின்பக்கமாகத் தெரிந்தன. ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, நான் சொல்லிக்கொடுத்ததுதான். கயல் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கண்ணாடியில் அவள் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி தேங்காய் நார் மாதிரி முளைத்திருந்தது. அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவள் அம்மா அங்கேயே இருக்கிறாள், அப்பா அங்கேயே இருக்கிறான், சீட்டு அங்கேயே இருக்கிறது. தாத்தாதான் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். கூட்டுரோடு வளைவு வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்றதால் இருமிவிட்டு, “இண்டிகேட்டர் போட்டானா பாரு” என்றேன்.

அந்த வளைவில் நான் சத்தமாகச் சொல்லாமல் விட்டது இதுதான்: சீட்டு அப்படியே இருக்கட்டும்டா, வண்டியைத் திருப்பு.